மனை, வீடு வாங்கும் முன் பொறியாளரைக் கேளுங்கள்



நமது ஊரில் ஒரு குடும்பத்தின் கையில் நாலு காசு சேர்ந்தால் அது பெரும்பாலும் மண்ணிலோ கட்டடத்திலோதான் போய்ச் சேருகிறது. வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த சம்பாத்தியம், காக்களூரிலும் திருமழிசையிலும் கும்மிடிப்பூண்டியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பி.எஃப். தொகை, பிள்ளையின் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை என எல்லாம் ஒரு மனையாக, ஒரு வீடாக, இரண்டு வாடகைப் போர்ஷனாக மாறுகின்றன. சென்னை சென்ட்ரலுக்கு நேராகப் போகும் மின்சார ரயில், நெமிலிச்சேரியைத் தொட்டுச் செல்லும் வெளிவட்டச் சாலை, சுற்றிலும் தொழிற்பேட்டைகள் என்று நம் வட்டாரத்தில் மனை விலை ஏறக் காரணங்கள் பல உண்டு. ஆகவே முதலீடு செய்வதில் தவறில்லை.

ஆனால் வாங்கும் முன் நாம் யாரைக் கேட்கிறோம்? தரகரைக் கேட்கிறோம். பத்திர எழுத்தரைக் கேட்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் வக்கீலிடம் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டுகிறார்கள். பொறியாளரைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருபவர் என்பதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை என்று நினைக்கிறோம். பணம் போடுகிற ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு என்ன வேலை இருக்கிறது, அதை விட்டால் என்ன இழப்பு வரும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்கியின் கண் நமக்கு இல்லை

வங்கியில் வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு, அவர் கேட்காமலேயே ஒரு காவல் கிடைக்கிறது. வங்கி தன் வக்கீலை வைத்துப் பத்திரங்களைப் பார்க்கும். தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டுப் பொறியாளரை இடத்துக்கு அனுப்பும். அவர் மனையின் அளவை எடுப்பார், அனுமதி பெற்ற வரைபடத்தையும் நேரில் உள்ள கட்டடத்தையும் ஒப்பிடுவார், கட்டடத்தின் வயதையும் மதிப்பையும் எழுதிக் கொடுப்பார். கட்டுமானக் கடன் என்றால் வேலை எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். வங்கி இதைச் செய்வது தன் பணத்தைக் காக்கத்தான். ஆனாலும் அதன் நிழல் வாங்குகிறவர் மேலும் விழுகிறது.

நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி, கையில் உள்ளதை வைத்தே வாங்குகிறோம். அல்லது உறவினரிடம் கைமாற்றாகவும் அழகிய கடனாகவும் பெறுகிறோம். மார்க்கம் காட்டிய வழி அது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வழியில் போகிறவருக்கு வங்கியின் வக்கீலும் கிடையாது, வங்கியின் பொறியாளரும் கிடையாது. முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஒருவரும் இல்லாமல் நிற்பவர் நாம்தான். ஆகவே அந்தக் கண்ணை நாமே கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டும். இப்போது தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து மதிப்பில் 100-க்கு 9 ரூபாய் வரை ஆகிறது. அதைக் கட்டத் தயங்காத நாம், அதில் ஒரு சிறு பங்கே ஆகும் பொறியாளர் கட்டணத்தைக் கொடுக்க யோசிக்கிறோம்.

கொடுக்கல் வாங்கலில் தெளிவு வேண்டும் என்பதில் நமது மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பது நாம் அறிந்ததே. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான். விற்கும் பொருளின் குறையை மறைப்பதும், இன்னதென்று தெரியாத நிலையில் வியாபாரம் செய்வதும் தடுக்கப்பட்டவை. மண்ணுக்குள் போன அஸ்திவாரமும் பூச்சுக்குள் மறைந்த கம்பியும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைத் தெரிந்துகொள்ளும் வழியே பொறியாளரின் சோதனை.

மவுலிவாக்கம்: அனுமதி வேறு, உறுதி வேறு

2014 ஜூன் 28 அன்று மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்து நொறுங்கியது. 61 பேர் இறந்தனர். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். இறந்தவர்களில் பலர் ஆந்திராவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அருகிலேயே நின்ற அதே திட்டத்தின் இரண்டாவது கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த வீடுகளுக்காகப் பணம் கட்டியிருந்தவர்கள் வீடும் இன்றிப் பணமும் இன்றி நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. திட்ட அனுமதி என்பது முக்கியமாக எத்தனை மாடி, சாலையின் அகலம் என்ன, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது. தூணின் அளவு போதுமா, அடியில் உள்ள மண் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பது கட்டமைப்புப் பொறியாளரும் மண் ஆய்வுப் பொறியாளரும் பொறுப்பேற்க வேண்டிய விஷயம். ஆகவே "அப்ரூவல் இருக்கிறது" என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அப்ரூவல் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

மனை வாங்கும்போது

நமது வட்டாரத்தில் இன்று மனையாக விற்கப்படும் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல். வயல் என்றாலே தண்ணீர் வந்து நிற்கும்படி தாழ்வாக அமைந்த இடம். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். 2015, 2021, 2023 ஆண்டுகளின் மழையை நாம் மறந்துவிட முடியாது. 2021 நவம்பரில் திருநின்றவூர் ஏரி நிறைந்தபோது, பெரியார் நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்து நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

இங்கே பொறியாளர் செய்யும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. லெவல் கருவி வைத்து, மனையின் தரை எதிரே உள்ள சாலையைவிட எவ்வளவு தாழ்வு, ஏரியின் கலங்கல் மட்டத்தோடு ஒப்பிட்டால் எந்த நிலை, மழைநீர் எந்தப் பக்கம் வழிந்து போகும் என்று அரை நாளில் சொல்லிவிடுவார். சாலையை இனிமேல் மேலும் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுப்பார். 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி மண் வேண்டும். கொட்டிய மண் அமர்வதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தச் செலவையும் மனை விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்த மனை மலிவாக இல்லாமல் போகலாம்.

இரண்டாவது வேலை அளவை. பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளும், வருவாய்த்துறையின் புலப்படமும், தரையில் நட்டிருக்கும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். புலப்படத்தையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு அருகில் ஏரி, வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதைப் புறம்போக்கு ஏதும் ஓடுகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். நீர்நிலையில் கட்டிய வீட்டுக்கு எத்தனை வருட மின் ரசீதும் வரி ரசீதும் இருந்தாலும் அது காவல் ஆகாது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றவென்றே 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, மனைப்பிரிவின் அங்கீகாரம். திருநின்றவூர் பல ஆண்டுகளாகவே சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் இருக்கிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்கப்பட்ட மனைகளால் தமிழகம் முழுவதும் எத்தனையோ குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. பின்னர் 2017-ல் அரசு கொண்டுவந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே பொருந்தும். அதற்குப் பின் அனுமதியின்றிப் பிரித்த மனை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பொறியாளர் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் காட்டிய சாலை அகலம் தரையில் இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடத்தை யாராவது மனையாக்கி விற்கிறார்களா என்று நேரில் அளந்து சொல்வார்.

மண்ணும் அஸ்திவாரமும்

பக்கத்து வீட்டுக்கு 5 அடி வானம் தோண்டினார்கள், நமக்கும் 5 அடி போதும் என்று மேஸ்திரி சொல்வது வழக்கம். பல வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் மண் மனைக்கு மனை மாறக்கூடியது. களிமண் மழைக்காலத்தில் நீர் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். இந்த அசைவு அஸ்திவாரத்தைத் தூக்கியும் இறக்கியும் சுவரில் சாய்வான விரிசல்களை உண்டாக்கும். பழைய குட்டையை மூடிய இடம், புதிதாக மண் கொட்டி மேடாக்கிய இடம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

மண் பரிசோதனையில் துளையிட்டு, குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாயை எடையால் அடித்து இறக்குவார்கள். அது இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்பதிலிருந்து மண்ணின் தாங்கும் திறனைக் கணக்கிடுவார்கள். நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இந்த அறிக்கையை வைத்துத்தான் தனித்தனி பில்லர் அஸ்திவாரமா, எல்லாவற்றையும் சேர்த்த பரப்பு அஸ்திவாரமா, பைல் போட வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். தரைத்தளம் மட்டும் கட்டுபவருக்கே இது நல்லது. இரண்டு மூன்று தளம் கட்டி வாடகைக்கு விட நினைப்பவர் இதை விடவே கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் வாடகை வருமானத்துக்காகப் பழைய வீட்டின் மேல் தளம் எழுப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. தரைத்தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரம் கூடுதல் தளங்களைத் தாங்குமா என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் பார்த்து, பில்லரின் அளவையும் கம்பியையும் சோதித்துக் கணக்குப் போட்ட பிறகே மேலே செங்கல் வைக்க வேண்டும்.

வண்டி நிறுத்தவென்று கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின் மேல் விடுபவர்களும் கவனிக்க வேண்டும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் இத்தகைய கட்டடங்கள் பல. அதன்பின் 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை, மூன்றாம் நிலநடுக்க மண்டலமாக உயர்த்தப்பட்டது. நம் ஊரில் அத்தகைய தூண்களை வடிவமைப்பவர் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

கட்டும்போது

நம்மில் பலர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலையை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து போனில் விசாரிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் சுவர் எழும்பியது தெரியும், காங்கிரீட்டின் தரம் தெரியாது. பொறியாளர் கட்டாயம் நேரில் நிற்க வேண்டிய நாட்கள் சிலவே: வானம் தோண்டி முடித்ததும், அஸ்திவாரக் கம்பி கட்டியதும், பில்லர் கம்பி நிறுத்தியதும், ஒவ்வொரு தளத்துக்கும் காங்கிரீட் போடும் முன்பும் போடும்போதும். இந்த நாட்களுக்கென்று தனியாகப் பேசி அமர்த்தலாம்.

அவர் என்ன பார்ப்பார்? கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். இந்தியத் தர நிர்ணயப்படி பில்லரில் 40 மில்லிமீட்டரும் அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டரும் குறைந்தபட்ச மூடல் வேண்டும். அது குறைந்தால் ஈரம் சீக்கிரம் கம்பியை எட்டித் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். பத்து வருடத்தில் தளத்திலிருந்து சில்லுச் சில்லாக விழும் வீடுகளின் நோய் பெரும்பாலும் இதுவே.

காங்கிரீட் எளிதாக ஓட வேண்டும் என்று ஆட்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் காங்கிரீட்டின் பலத்தைக் குறைக்கும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20. அதாவது 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், நம் கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். இதைச் சோதிக்க, காங்கிரீட் போடும் அன்றே 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் அதே கலவையை நிரப்பி எடுத்து, 28-ஆம் நாள் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். 1,000 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் 12 கன மீட்டர் காங்கிரீட் ஆகும். அதற்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டி என ஆறு கட்டிகள் போதும்.

கலக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குரிய தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குருகிராமில் சிண்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடியில் 2022 பிப்ரவரியில் ஒரு பகுதி இடிந்து இருவர் இறந்தனர். அங்கே ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி., காங்கிரீட்டில் குளோரைடு மிகுந்து கம்பிகள் துருப்பிடித்திருந்ததைக் கண்டது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் கடலோரத்தில் மனை வைத்திருப்பவர்கள் போர் தண்ணீரைச் சோதிக்காமல் வேலை தொடங்க வேண்டாம்.

கடைசியாக, நீராற்றுதல். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதையும், பில்லருக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதையும் 7 நாள் செய்தே ஆக வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. வகை. அதற்கு 10 நாளுக்குக் குறையாமல், கூடுமானால் 14 நாள் வேண்டும்.

பிளாட் வாங்குவோருக்குச் சட்டம் தரும் காவல்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, வாங்குபவருக்குச் சில உறுதியான உரிமைகளைத் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். அதிலிருந்து பணம் எடுக்க, வேலை அந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று ஒரு பொறியாளரும் ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு ஆடிட்டரும் சான்று தர வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நாம் தெரிவித்தால், 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

ஆனால் மனைப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. நம் தெருக்களில் இரண்டு கிரவுண்டில் ஆறு வீடு கட்டி விற்கும் சிறு திட்டங்கள் இந்த விலக்கில் அடங்கிவிடும். அங்கே தனிக் கணக்கும் இல்லை, சான்று தரும் பொறியாளரும் இல்லை. ஆகவே சிறிய பிளாட்டுகளை வாங்குவோர் விஷயத்தில்தான் சொந்தப் பொறியாளர் மிகவும் அவசியமாகிறார். மண் ஆய்வு அறிக்கை, கட்டமைப்பு வரைபடம், கட்டிச் சோதனை முடிவுகள் ஆகிய மூன்றையும் கட்டுபவரிடம் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டியவர் தயங்காமல் தருவார்.

பழைய வீடும் வாடகைக் கணக்கும்

பழைய வீடு வாங்குவோர் புதிய வெள்ளையைக் கண்டு மயங்க வேண்டாம். விற்பதற்கு முன் அடித்த வண்ணம் விரிசலையும் ஓதத்தையும் மறைக்கும். பொறியாளர் சுத்தியல் போன்ற ஒரு கருவியால் தட்டிக் காங்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியைக் கணிப்பார். ஒலி அலை செலுத்தி உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று பார்ப்பார். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் உடைக்காமலே கண்டறியலாம்.

இந்த அறிக்கை பேரத்துக்கும் உதவும். உதாரணமாக 60 லட்சம் கொடுத்து ஒரு வீடு வாங்கி, இரண்டு போர்ஷனையும் தலா 9,000 ரூபாய்க்கு விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,16,000. போட்ட பணத்தில் 3.6 சதவீதம். சொத்துவரி, வெள்ளையடிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் போனால் இன்னும் குறையும். இந்த நிலையில் தளம் ஒழுகி 3 லட்சம் செலவு வந்தால் ஏறக்குறைய 17 மாத வாடகை போய்விட்டது. மண்ணின் விலை ஏறலாம், கட்டடத்தின் மதிப்போ ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும். இரண்டையும் பிரித்து மதிப்பிட்டுச் சொல்பவர் மதிப்பீட்டுப் பொறியாளர். வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்கும்போதும், விற்கும் எண்ணத்தோடு வாங்கிய மனைக்கு ஜகாத் கணக்கிடும்போதும் இதே மதிப்பீடு உதவும். சட்டம் எதுவென்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தொகை எவ்வளவென்று மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள்.

யார் நம் பொறியாளர்?

எல்லாப் பொறியாளரும் எல்லா வேலையும் செய்பவர் அல்லர். வரைபடம் போடுபவர், கட்டமைப்பு வடிவமைப்பவர், மண் ஆய்வு செய்பவர், மதிப்பீடு செய்பவர் எனத் தனித்தனி உண்டு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அனுபவமுள்ள மேஸ்திரியின் கைத்திறனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாரக் கணக்கு அவருடைய வேலை அல்ல.

இன்னொன்று, அவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்று பாருங்கள். விற்பவரோ தரகரோ அழைத்து வந்தவர் நமக்காகப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நாம் தேடி, நாம் பணம் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். வாய்ச்சொல் அறிக்கை ஆகாது.

நம் ஜமாஅத்தில் சிவில் படித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போடும் கையெழுத்து ஒரு அமானத். பார்க்காத கம்பிக்குப் பார்த்ததாகக் கையெழுத்திடாதீர்கள். ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பும், அந்தக் கூரையின் கீழ் உறங்கும் உயிர்களும் அதை நம்பி இருக்கின்றன.

முன்பணம் கொடுத்த பிறகு வந்து ஆலோசனை கேட்பவர்களுக்கு நம்மால் செய்ய முடிவது கொஞ்சமே. கொடுக்கும் முன் வாருங்கள். பத்திர நகல், புலப்படம், வரைபடம் ஆகியவற்றோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், யாரிடம் எதைக் காட்ட வேண்டும் என்று வழி சொல்லக் காத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உழைத்துச் சேர்த்த ஹலாலான பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்